கண்ணிற்படும் கவசம்

கவசம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு முதலில் வருபவன் கர்ணன். உடலோடு ஒட்டிய கவசத்துடன் பிறந்தவன் அவன். நமக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. வெறுந்தோலோடு பிறந்தோம், ஆதலின் நமக்கு வேண்டிய கவசத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருசக்கர வண்டியில் செல்லும் மனிதன் தனக்கேற்ற கவசத்தை எவ்வாறு தேடிக் கண்டான் என்னும் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பேரன். ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு எங்கள் ஊர். பட்டுத் தறியின் ஓசையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லூரியிற் சேர்ந்த பேரனுக்கு அவன் தந்தை ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் அவன், "தாத்தா, வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட் வாங்கப் போகிறேன்" என்றான். எங்கள் ஊரில் ஜாக்கெட் என்றால் பெண்கள் சேலையோடு அணியும் ரவிக்கைதான். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவன் கைப்பேசியில் படம் காட்டினான். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் திண்டு வைத்துத் தைத்த முழுக்கைச் சட்டை அது. "என்ன நிறம் வாங்கப் போகிறாய்?" என்று கேட்டேன். "கறுப்புதான் தாத்தா, அதுதான் எடுப்பாக இருக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மாலைப் பொழுது நினைவுக்கு வந்தது.

1991ஆம் ஆண்டு, மார்கழி மாதம். அப்போது நான் இளம் ஆசிரியன். டி.வி.எஸ். 50 வண்டியில் பள்ளிக்குச் சென்று வருவேன். அன்று வேலை முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வந்தேன். தெருமுனையில் திரும்புமுன் இருபுறமும் பார்த்தேன். ஒருவரும் இல்லையென்று எண்ணித் திரும்பினேன். மறுகணமே ஒரு மிதிவண்டியின்மீது மோதினேன். அதில் வந்தவன் என் வகுப்பு மாணவன். கருநீலச் சட்டை அணிந்து, சாயமேற்றிய பட்டுநூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றுகொண்டிருந்தான். அவன் கால் எலும்பு முறிந்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்வை அவன் எழுத முடியவில்லை. மருத்துவமனையில் அவனைக் காணச் சென்றபோது அவன் என்மேல் சினங்கொள்ளவில்லை. "சார், நான் வந்தது உங்களுக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டான். நான் மறுமொழி சொல்ல இயலாமல் நின்றேன். நான் பார்த்தது உண்மை. அவனைக் காணாததும் உண்மை. பார்த்தல் வேறு, காணல் வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகும் வரலாறு எளிதில் விளங்கும். வண்டியில் செல்வோனுக்கு வேண்டிய காப்பு இருவகைப்படும். அடிபடும்போது உடலைக் காப்பது ஒன்று. பிறர் கண்ணிற்பட்டு, அடிபடாமலே காப்பது மற்றொன்று. மனிதன் முதலில் தேடியது முன்னதை. பின்னதன் அருமையை அவன் உணரக் காலம் பிடித்தது.

உடலைக் காக்கும் ஆடைக்கு நம் பட்டும் ஒருகால் பயன்பட்டது என்றால் வியப்பீர்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த காசிமிர் செக்லென் என்னும் போலந்து நாட்டுப் பாதிரியார், பட்டிழைகளை நெருக்கமாக நெய்து துப்பாக்கிக் குண்டு துளைக்காத துணி செய்தார். 1897ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மெல்லியது என்று நாம் கருதும் இழை, பல சேர்ந்தால் எத்துணை வலிமை பெறுகிறது என்பதைத் தறியில் அமர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் நாடியது தோலாடையை. தார்ச்சாலையில் விழுந்து இழுபடும்போது பருத்தித் துணி நொடியிற் கிழிந்துபோகும். பதனிட்ட தடித்த தோல் தேய்ந்தாலும் விரைவிற் கிழியாது. முதல் உலகப் போரில் வண்டியேறிச் செய்தி கொண்டு சென்ற வீரர்களும் விமானிகளும் தோற்சட்டை அணிந்தனர். 1928ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ஷாட் என்பார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கென்றே முன்புறம் ஜிப் வைத்த தோற்சட்டை ஒன்றைத் தைத்தார். திரைப்படங்களின் வாயிலாக உலகெங்கும் பரவி, இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்த கறுப்புச் சட்டையின் முன்னோடி அதுவே. அது தோலைக் காத்தது. ஆனால் இரவில் அணிந்தவனை இருளோடு இருளாக மறைத்தது.

அடுத்து வந்தது தலைக்கவசம். அது பரவிய வரலாற்றில் ஒரு மரணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தம் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலை ஓரிடத்தில் பள்ளமாகத் தாழ்ந்திருந்தது. அதனால் முன்னே மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்களை அவர் காணவில்லை. கண்டபோது விலக முயன்று தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19ஆம் நாள் இறந்தார். போர்க்களங்களில் தப்பியவரைக் கிராமத்துச் சாலை கொண்டுசென்றது.

அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர் ஒருவர். ஆஸ்திரேலியாவிற் பிறந்த மூளை அறுவை வல்லுநர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. அவர் ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டனில் 1,884 பேர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தனர். போர் தொடங்கிய பின் வந்த 21 மாதங்களில் அத்தொகை 2,279 ஆயிற்று. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நாடெங்கும் விளக்குகள் மறைக்கப்பட்ட காலம் அது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தலைக்கவசம் அணிந்தவர்க்குக் காயம் குறைவு என்று அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் செய்தி கொண்டுசெல்லும் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973ஆம் ஆண்டில். உண்மை தெரிந்ததற்கும் ஊர் அதை ஏற்றதற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து 2015 ஜூலை முதல் நாள் தொட்டு அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஓட்டுபவன் அணியும் மேற்சட்டையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அதை நம் அறிவே கட்டாயமாக்க வேண்டும்.

இனி இரண்டாம் வகைக் காப்புக்கு வருவோம். மாலை மயங்கும் நேரத்தில் நிறங்கள் ஏன் மாறித் தோன்றுகின்றன என்பதை ஆராய்ந்தவர் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பகலில் ஒளிவீசும் சிவப்பு மலர் அந்தியில் கறுத்துத் தோன்றுவதை அவர் கண்டு எழுதினார். அரக்குப் பட்டையும் மயிற்கழுத்துப் பட்டையும் பகல் வெளிச்சத்தில் வைத்தே நிறம் பார்க்க வேண்டுமென்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தியில் நம் கண் நம்மை ஏமாற்றும் என்பதை நெசவாளி அறிவான்; சாலையில் இறங்கியதும் மறந்துவிடுகிறான்.

கண்ணின் இக்குறையை ஈடுசெய்யும் நிறங்களை உலகுக்குத் தந்தவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட் சுவிட்சர், ஜோசப் சுவிட்சர் என்னும் உடன்பிறந்தார் இருவர். மருத்துவராக விரும்பிய ராபர்ட், 1933ஆம் ஆண்டில் வேலையிடத்தில் தலையில் அடிபட்டுப் பார்வை கெட்டு, இருட்டறையில் ஓய்வெடுக்க நேர்ந்தது. அவர் தந்தை மருந்துக்கடை வைத்திருந்தார். உடன்பிறந்தார் இருவரும் புறஊதா விளக்கொன்றைக் கொண்டு கடைப் பொருள்களுள் எவை இருளில் ஒளிர்கின்றன என்று தேடினர். அத்தேடலில் தொடங்கிய முயற்சி, பகலிலும் சுடர்விடும் ஒளிர் நிறங்களாக வளர்ந்தது. கதிரவனின் ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரும் உண்டு. ஒளிர் சாயம் அக்கதிரை விழுங்கி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றி உமிழ்கிறது. அதனாலேயே பிற நிறங்களைவிட மிகுதியாக மின்னுகிறது. போர்க்காலத்தில் விமானிகளுக்கு அடையாளங் காட்டும் துணிகளுக்கு இந்நிறங்கள் பயன்பட்டன.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். புறஊதாக் கதிர் இல்லாத இரவில் ஒளிர் சாயத்தால் பயன் சிறிதே. இரவுக்கு வேண்டியது வேறு. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934ஆம் ஆண்டில், பூனையின் கண்போல் வண்டி விளக்கின் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடிக் குமிழ்களைச் சாலையிற் பதிக்கும் முறையைக் கண்டார். பின்னர் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் துணியில் ஒட்டி, ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பும் பட்டைகள் செய்தனர். இவை பகலில் சாம்பல் நிறமாகக் கிடக்கும். விளக்கொளி பட்டால் வெள்ளியென மின்னும். ஒன்று பகலின் காவலன், மற்றொன்று இரவின் காவலன்.

இவ்விருவருள் பகற்காவலன் சட்டையாகித் தொழிலாளியின் உடலேறியது ஸ்காட்லாந்தில். 1964ஆம் ஆண்டில், கிளாஸ்கோ நகரில் இருப்புப்பாதையில் வேலை செய்தோர்க்கு ஒளிரும் ஆரஞ்சு நிறச் சட்டை அளித்துச் சோதித்தனர். மின்சார ரயில்கள் விரைந்தும் ஓசை குறைந்தும் வரத் தொடங்கியிருந்தன. ஓட்டுநரின் கண்ணில் தொழிலாளி தொலைவிலேயே பட வேண்டுமென்பது நோக்கம். பாதுகாப்புச் சட்டை என்று நாம் இன்று காவலரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் காண்பதன் முன்னோர் அச்சட்டைதான்.

இவற்றால் வண்டி ஓட்டுவோர்க்குப் பயனுண்டா? நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒளிர் ஆடையோ ஒளி திருப்பும் ஆடையோ அணிந்தவர்க்கு விபத்தில் காயமுறும் வாய்ப்பு நூற்றுக்கு 37 பங்கு குறைவு என்றும், கறுப்புத் தலைக்கவசத்தைவிட வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்க்கு 24 பங்கு குறைவு என்றும், பகலிலும் விளக்கெரித்தவர்க்கு 27 பங்கு குறைவு என்றும் அது கண்டது. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் விளக்கு தானே எரியும்படி செய்ததும் இதே நோக்கத்தால்தான். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

ஆகவே மேற்சட்டை வாங்கப் போகும் இளைஞர்க்கு இவ்வரலாறு சொல்லும் அறிவுரை யாது? முதலில் அளவைப் பாருங்கள். திண்டுகள் தோளிலும் முழங்கையிலும் இடம் பெயராமல் அமர வேண்டும்; தொளதொளத்த சட்டையில் அவை விழும்போது விலகிவிடும். துணி உராய்வைத் தாங்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் தர அடையாளம் இருக்கிறதா என்று உட்புறச் சீட்டைப் படியுங்கள். நம் வெயிலுக்குக் காற்றோட்டமான வலைத்துணி கலந்தது நல்லது. புழுக்கத்தால் கழற்றி வைக்கும் சட்டை எவரையும் காப்பதில்லை. ஒளிர் நிறமும் ஒளி திருப்பும் பட்டையும் இரண்டும் இருக்கட்டும். பட்டை முன்னும் பின்னும் கைகளிலும் இருத்தல் வேண்டும். முதுகிற் பை மாட்டினால் பின்பட்டை மறைந்துபோகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பின்னணியையும் எண்ணுங்கள்: பச்சை வயலுக்கு நடுவே ஆரஞ்சு எடுத்துக்காட்டும், இருண்ட புளியமர நிழலில் மஞ்சள் கலந்த பச்சை எடுத்துக்காட்டும். வெயிலிலும் சலவையிலும் ஒளிர் சாயம் மங்கும், மங்கினால் மாற்றுங்கள்.

விலையுயர்ந்த சட்டை வாங்க இயலாத வீடுகள் எங்கள் ஊரில் பல. அவர்களும் மனந்தளர வேண்டுவதில்லை. சாதாரணச் சட்டையின்மேல் அணியும் கையில்லாத ஒளிர் சட்டை குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அது விழுந்தவனைக் காவாது. ஆனால் விழாமல் காக்க உதவும். மிதிவண்டிச் சிறுவனுக்கு முதுகில் அதுவும் பின்புறம் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பானும் இருந்தாலே போதும், பாதி ஆபத்தை அவன் கடந்தவனாவான். இத்தனையும் அணிந்தபின் வேகமாகச் செல்லலாம் என்று எண்ணுபவனுக்கு மட்டும் எந்தக் கவசமும் உதவாது.

இவ்வரலாற்றையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். 1991ஆம் ஆண்டு மாலையையும் மறைக்காமற் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். மறுவாரம் மஞ்சள் கலந்த பச்சை நிறச் சட்டை ஒன்றை வாங்கி வந்தான். தோழர்கள் கேலி செய்ததாகச் சொன்னான். ஆயினும் அதைக் கழற்றவில்லை.

அன்று என் வண்டியில் அடிபட்ட மாணவர் இன்று ஐம்பதை நெருங்கும் நெசவாளர். தேர்வை மறுபடி எழுதவில்லை, தறியில் அமர்ந்துவிட்டார். குளிர்காலத்தில் கால் வலிப்பதாகச் சொல்லுவார். அவர் மகனும் வண்டியோட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, பேரனுடையதைப் போன்ற சட்டை ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்ட கடனை அது தீர்க்காது என்பதை அறிவேன். இப்போது மாலை வேளையில் தெருமுனையில் நிற்கும்போது அவ்விரு பிள்ளைகளும் வருவது தொலைவிலேயே எனக்குத் தெரிகிறது. சாலையில் வரும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் நீங்களும் அவ்வாறே தெரிய வேண்டும் என்பதே இம்முதியவனின் வேண்டுகோள்.