கதையின் பெயரை வாங்கிய ஊர்

நியூயார்க்கில் மகள் வீட்டில் இருந்தபோது அக்டோபர் மாதம் வந்தது. ஹாலோவீனுக்கு ஸ்லீப்பி ஹாலோ போகவேண்டும் என்றான் பேரன். "பேய்க்குமா பண்டிகை?" என்றாள் என் மனைவி. ஆனாலும் கிளம்பினாள். கிராண்ட் சென்ட்ரலில் ரயிலேறினோம். ஹட்சன் ஆற்றை ஒட்டியே பாதை. அக்கரை முழுதும் மஞ்சளும் சிவப்புமாக இலைகள். டாரிடவுனில் இறங்கினால் பக்கத்து ஊர்தான்.

1820-இல் வாஷிங்டன் இர்விங் வெளியிட்ட கதையில், பீரங்கிக் குண்டுக்குத் தலையைப் பறிகொடுத்த ஜெர்மன் கூலிப்படை வீரன் ஒருவன் இரவில் குதிரையேறித் தலையைத் தேடி அலைகிறான். கதையில் வரும் பழைய டச்சுத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதையொட்டிய கல்லறைத் தோட்டத்தில் இர்விங்கின் சமாதியும் உண்டு. வாசல்தோறும் பூசணிக்காய், மாறுவேடத்தில் குழந்தைகள். பேரனுக்குக் கால் தரையில் இல்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. முன்பு இந்த ஊரின் பெயர் வடக்கு டாரிடவுன். பல தலைமுறைக்குச் சோறு போட்டது ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை. 1996-இல் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஊரார் வாக்களித்து, கதையின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். ஆலை போனது; கதை இருந்தது.

கோவையில் நான் வேலை பார்த்த நூற்பாலையும் மூடப்பட்டதுதான். அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள்.

"தாத்தா, உங்க மில்லுக்குக் கதை இருக்கா?" என்றான் பேரன்.

விடியற்காலையில் ஊரையே எழுப்பிய மில் சங்கிலிருந்து தொடங்கினேன். திரும்பும் ரயில் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.