புள்ளி மிதந்த வரலாறு

மாணவச் செல்வங்களே, எண்களில் இரு வகை உண்டு. வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பெறுவது முழுவெண். அவர்களுடைய உயரம் எவ்வளவு என்று அளந்து பெறுவது பின்னமும் கூடிய எண். இவ்விரு வகைகளையும் கணிப்பொறி ஒரே வேகத்தில் கையாளுமா? இக்கேள்விக்குக் காலந்தோறும் விடை மாறி வந்திருக்கிறது.

ஞாயிற்றின் தொலைவாகிய 14,96,00,000 கிலோமீட்டரை, 1.496-ஐப் பத்தின் எட்டாம் அடுக்கால் பெருக்கியது என எழுதுமாறு நான் என் மாணவர்களுக்குக் கற்பித்து வந்தேன். இம்முறையையே இரண்டின் அடுக்குகளைக் கொண்டு கணிப்பொறி பின்பற்றுகிறது. அடுக்கிற்கேற்பப் புள்ளி இடம் பெயர்வதால் இதற்கு மிதவைப் புள்ளி முறை என்று பெயர். இரு முழுவெண்களை நேரே கூட்டிவிடலாம். மிதவை எண்களைக் கூட்டவோ, அடுக்குகளை ஒப்பிட்டு, ஒன்றை நகர்த்தி, கூட்டி, மீண்டும் ஒழுங்குபடுத்தி, இறுதி இலக்கத்தைத் திருத்த வேண்டும். வேலை மிகுதி; ஆதலின் காலமும் மிகுதி.

1941-இல் பெர்லினில் கொன்ராட் சூசே உருவாக்கிய இசட் 3 என்னும் பொறி மிதவை முறையிலேயே இயங்கியது. ஆயினும் 1946-இல் பிரின்ஸ்டனில் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நியூமன் ஆகிய மூவரும் அம்முறையைப் பொறியில் அமைக்க வேண்டியதில்லை என்று கருதினர். புள்ளியின் இடத்தைக் கணித வல்லுநரே முன்கூட்டி வகுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். சுமை மனிதன் தலையில் ஏறியது. 1954-இல் ஐ.பி.எம். 704 அதனை மீண்டும் பொறியின் தோளுக்கு மாற்றியது.

சிறு கணிப்பொறிகளிலும் இக்கதை தொடர்ந்தது. 1980-இல் இன்டெல் நிறுவனம் 8087 என்ற தனிச் சில்லை மிதவைக் கணக்கிற்கென்றே வெளியிட்டது. அச்சில்லு இல்லாத பொறிகள் ஒரு மிதவைக் கணக்கைப் பற்பல முழுவெண் கட்டளைகளால் செய்து முடித்தன. 1989-இல் 80486 செயலியினுள்ளேயே அவ்வசதி இடம் பெற்றது. இன்றைய பெருஞ் செயலிகளில் கூட்டல், பெருக்கல் அளவில் இவ்வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது.

எனினும், வேகத்தை மட்டும் எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்ட ஏரியன் 5 ஏவுகலம், சுமார் 40 வினாடிகளில் நிலைகுலைந்து சிதறியது. 64 பிட் மிதவை எண் ஒன்று 16 பிட் முழுவெண்ணாக மாற்றப்பட்டது. 32,767-க்கு மேல் அதில் அடங்காது. கணிப்பொறியின் வேலைப்பளுவைக் குறைக்கவேண்டி, அத்தகைய ஏழு எண்களில் நான்கிற்கு மட்டுமே காவல் வைத்திருந்தனர். காவலற்றவற்றுள் ஒன்றே வரம்பை மீறியது. நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன.

ஆகவே இளைஞர்களே, நிரல் எழுதுமுன், "நான் எண்ணுகிறேனா, அளக்கிறேனா?" என்று முதலில் கேளுங்கள். ரூபாய்க் கணக்கைப் பைசாவாக்கி முழுவெண்ணில் வையுங்கள். பத்தில் ஒன்றைக்கூட இரண்டின் அடுக்குகளால் பிசகின்றி எழுத இயலாது. தொலைவையும் வெப்பத்தையும் மிதவை எண்ணில் வையுங்கள். விரைவு எது என்ற கேள்வி அதன் பின்னரே எழட்டும்.