ஆறு வாரத் தாமதம்

டெபியன் இயங்குதளத்தின் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வெளிவந்தது, அடுத்ததான 3.1க்கு 2005 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. சிற்றிதழ் வாசகர்களான நமக்கு இத்தகைய காத்திருப்பு புதிதல்ல. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவோ 2004 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கொரு பதிப்பெனக் கெடு வைத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு மாதமே பராமரிப்பு. வழங்கிகளை நடத்துவோர் அத்தனை விரைவில் மாறிக்கொண்டேயிருக்க இயலுமா? ஆகவே 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்புக்கு நீண்டகால ஆதரவு தர முடிவாயிற்று: மேசைக்கணினிக்கு மூன்றாண்டு, வழங்கிக்கு ஐந்தாண்டு. ஐந்தாண்டு பழுது பார்க்கவேண்டிய ஒன்றை அவசரமாக அனுப்பலாகாது என்று ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள். ஆண்டும் மாதமுமே பதிப்பெண் என்பதால், 6.04 ஆகவேண்டியது ஜூன் 1 அன்று 6.06 ஆயிற்று. தாமதத்தை எண்ணிலேயே பொறித்துவைத்த அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த நீண்டகாலப் பதிப்பான 8.04, 2008 ஏப்ரலில் கெடு தவறாமல் வந்தது.