அமெரிக்க வீடுகளில் அலுமினிய வயரிங்

1960-களின் நடுவில் அமெரிக்காவில் செம்பின் விலை ஏறியது. எனவே 1965 முதல் 1973 வரை சுமார் 20 லட்சம் வீடுகளுக்கு மலிவான அலுமினியக் கம்பியில் வயரிங் செய்தார்கள்.

பிரச்சினை இணைப்புகளில்தான். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஆறும்போது சுருங்கும். நாளடைவில் பிளக் பாயிண்டில் பிடிப்பு தளரும். மேலே படியும் ஆக்சைடும் மின்சாரத்தைத் தடுக்கும். இணைப்பு பழுக்கக் காயும். ஆனால் மின்னோட்டம் கூடாததால் பிரேக்கர் ட்ரிப் ஆகாது!

1974-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸில் ஒரு வீடு தீப்பற்றி இருவர் இறந்தனர். பிளக் பாயிண்டில் இருந்த அலுமினிய இணைப்பே காரணம் என்றனர் தீயணைப்பு அதிகாரிகள்.

இத்தகைய வீடுகளில் பழைய பேனலை மட்டும் மாற்றினால் ஆபத்து நீங்காது. ஒவ்வொரு இணைப்பையும் முறையாகச் சரிசெய்ய வேண்டும்; இல்லையேல் வீடு முழுக்கச் செம்புக் கம்பி இழுக்க வேண்டும்.