களிமண்ணில் பிறந்த அரக்கர்கள்



கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் எல்லாமே திரைக்குள்ளேயே பிறந்தது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 1993 டிசம்பர் 10-ல் வெளியான 'டூம்' விளையாட்டின் அரக்கர்களில் சிலர், மேசை மேல் களிமண்ணில் பிறந்தவர்கள்! அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து 'இட் சாஃப்ட்வேர்' குழுவினர் செய்த வேலை அது.

அன்றைய மெஷினின் நிலை என்ன? 386 பிராசசர், 4 மெகாபைட் ராம். திரையில் 320-க்கு 200, அதாவது 64,000 புள்ளிகள். நிறங்கள் 256 தான். இதில் அரக்கனின் உடம்பையும் முப்பரிமாணமாகக் கணக்குப் போட்டு ஓட வைப்பது நடக்கிற காரியமா? அதனால் சுவரையும் தரையையும் மட்டும் கம்ப்யூட்டர் கணக்கிட்டது. அரக்கன் வெறும் தட்டைப் படம். நாம் சுற்றி வந்தால் அதற்கேற்ற படம் மாறும், அவ்வளவுதான்.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு அசைவுக்கும் 8 பக்கம் வேண்டும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தால் 5 படம் போதும். மீதி 3 கண்ணாடிப் பிம்பம். ஆனாலும் எல்லாப் பக்கமும் அளவு பிசகாமல், நிழல் மாறாமல் கையால் வரைவது லேசான வேலையா?

ஓவியர் ஏட்ரியன் கார்மாக் களிமண்ணில் உருவம் செய்தார். அதைச் சுழல்மேடையில் வைத்து, திருப்பித் திருப்பி வீடியோ கேமராவில் பிடித்து 'நெக்ஸ்ட்' கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். படத்தை விளையாட்டின் நிறங்களுக்குள் அடக்க ஜான் கார்மாக் ஒரு புரோகிராம் எழுதினார். (பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவில்லை!) பிறகு புள்ளி புள்ளியாகத் திருத்தியது மனிதக் கைதான். கேமரா தந்தது பாதி வேலையே.

களிமண்ணோ ஒவ்வொரு தடவை வளைக்கும்போதும் சிதைந்தது. அதனால் சில உருவங்களை கிரெகர் பன்சாட்ஸ் என்ற சிற்பி, உள்ளே உலோக எலும்புக்கூடு, வெளியே ரப்பர் தோல் என்று செய்து கொடுத்தார். துப்பாக்கிகளுக்கு பொம்மைக் கடைச் சரக்கே மாடல்!

1996-ல் அதே குழுவின் 'க்வேக்' வந்தது. அரக்கர்களும் முப்பரிமாண வடிவங்களாகி, பொம்மைகளுக்கு வேலை போயிற்று. ஆனால் கேமராவுக்குப் போகவில்லை. 2015-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட்' விளையாட்டுக்காக, அசல் சினிமா உடைகளையும் பொருட்களையும் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றிலிருந்தே முப்பரிமாண வடிவங்களை உருவாக்கினார்கள்.

தம்பி தங்கைகளே, மெஷினால் போட முடியாத கணக்கை, மேசை மேல் வெளிச்சமும் களிமண்ணும் போட்டுக் கொடுத்தன. வசதி இல்லையே என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் லேபில் ஏதாவது இல்லை என்று ஒரு புராஜெக்டைக் கைவிடும் முன், கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். வெற்றி உங்களுக்கே!