டகரம் வந்த வழி

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும் வடநாட்டு இளைஞர் ஆங்கிலப் பெயர்ப்பலகையைப் பார்த்து, ‘புடூர்’ என்று படிக்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் மேல் குற்றமில்லை. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் போனால் ஒரகடம் வருகிறது. புதூரின் தகரத்துக்கும் ஒரகடத்தின் டகரத்துக்கும் ஆங்கிலத்தில் எழுதுவது ஒரே எழுத்துத்தான். எந்த இடத்தில் நாக்கைப் பல்லில் வைப்பது, எந்த இடத்தில் மடித்து மேலே கொண்டு போவது என்று அந்த எழுத்து சொல்லாது. ஆங்கிலேயரின் சொந்த ஒலியோ இந்த இரண்டுமில்லை. இரண்டுக்கும் நடுவே, பல்லுக்குச் சற்று மேலே, ஈறில் பிறக்கிறது.

இந்தச் சாலையில் இன்று இங்கிலீஷ் பல வேஷங்களில் நடமாடுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை தொடங்கியது. கொரியர் வந்தார்கள், ஜப்பானியர் வந்தார்கள், பீகாரிகளும் ஒடியர்களும் மலையாளிகளும் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷைப் பொறுத்த மட்டில் கொரியரும் நாமும் கிட்டத்தட்ட உறவுக்காரர்கள். அவர்கள் மொழியில் ஃபகரம் கிடையாது. அதனால் நம் காப்பி அவர்களுக்குக் ‘கொப்பி’. மெய்யில் முடிகிற சொல்லின் வாலில் ஓர் உகரத்தை ஒட்டிவிடும் பழக்கமும் நம்மைப் போல அவர்களுக்கு உண்டு. நம் ‘பஸ்ஸு’ அவர்களுக்கு அந்நியமாக இராது.

பீகாரி ‘இஸ்கூல்’ என்கிறார். நம் கிராமத்துப் பாட்டியும் ‘இஸ்கூலு’ என்றுதான் சொல்வாள். ரகரத்தில் சொல்லைத் தொடங்கலாகாது என்று தொல்காப்பியர் விதித்த நாளிலிருந்து, முன்னால் ஓர் இகரம் வைத்துச் சமாளிப்பது நமக்குக் கைவந்த வித்தை. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த மகானையே இராமானுசர் ஆக்கிக் கொண்டவர்கள் அல்லவா நாம்!

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதில் பிழைப்பு அடங்கியிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் ‘தாய்மொழிச் சாயல்’ என்று ஒரு குறையை எழுதுவது வழக்கமாகிவிட்டது. டிப்ளமா முடித்து, இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக் கூடிய பையன், இரண்டு சொற்களின் ஓசையால் பின்வரிசைக்குப் போகிறான். அப்பா கடன் வாங்கி இங்கிலீஷ் பேச்சு வகுப்புக்கு அனுப்புகிறார். அந்தச் சாயல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஒரு பாதி நம் நாக்கின் சரித்திரத்திலிருந்து வந்தது. தொல்காப்பியர் தகரத்துக்கு ஓரிடம், டகரத்துக்கு ஓரிடம், றகரத்துக்கு ஓரிடம் என்று மூன்று தனி இடங்கள் சொல்கிறார். றகரத்தை னகரத்தோடு சேர்த்து நாநுனியில் வைக்கிறார். ‘டேபிள்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அவர் நாக்கு தொடுவது ஏறக்குறைய அந்த இடத்தைத்தான். ஆனால் இங்கிலீஷ் நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அந்த அறை காலியாகிவிட்டிருந்தது. காற்று ‘காத்து’ ஆயிற்று. நேற்று ‘நேத்து’ ஆயிற்று. ஒன்று ‘ஒண்ணு’ ஆயிற்று. வந்த விருந்தாளியை டகரத்தின் அறையில் தங்க வைத்தோம்.

யாழ்ப்பாணத்தில் அந்த அறை காலியாகவில்லை. அங்கே ‘ற்ற’ இன்னும் நாநுனியில் வல்லோசையாகவே ஒலிக்கிறது. ஆகவே அவர்கள் ‘ரிக்கற்’, ‘மார்க்கற்’, ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள். ‘ரீச்சர்’ என்று அவர்கள் எழுதுவதைப் பார்த்து இங்கே கேலி செய்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். மலையாளிகளும் சொல்லின் நடுவில் அந்த ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரகடத்து ஆலையில் ஒரு மலையாளி ‘பேட்டரி’ என்று சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். அது நம் பேட்டரி அல்ல.

மறு பாதி வாத்தியாரிடமிருந்து வந்தது. 1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென ஓர் ஆண்பிள்ளை விடுதிப் பள்ளி ஏற்பட்டது. அதை நடத்திய ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையே தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பையன்களை வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் இதைப் புத்தகமாக இங்கிலாந்தில் அச்சிட்டபோது, ‘மெட்ராஸ் முறை’ என்று புகழ் பரவிற்று. பையனிடம் பையன் கற்கலாம், துரை வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம்.

பிற்காலத்தில் ஜில்லாப் பள்ளிகளில் இங்கிலீஷ் பரவிய விதமும் ஏறக்குறைய இதுதான். கும்பகோணத்து வாத்தியார் இங்கிலீஷைக் கற்றது இன்னொரு தமிழ் வாத்தியாரிடம். இருவருக்கும் மேலே புத்தகம் இருந்தது. காதால் கேட்காததைக் கண்ணால் படித்துச் சொன்னார்கள். எழுதியிருக்கிற எழுத்தை விழுங்குவது அவர்களுக்குப் பாவமாகத் தோன்றியிருக்கும். ‘வெட்னெஸ்டே’ பிறந்தது இப்படித்தான்.

‘கார்’ என்ற சொல்லையே பாருங்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் இத்தகைய ரகரங்களை உச்சரித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்லத் தேய்ந்தது. எழும்பூர்ப் பள்ளி தொடங்கி இரண்டே வருஷத்தில், 1791-ல், ஜான் வாக்கர் என்பவர் தமது உச்சரிப்பு அகராதியில் லண்டன்வாசிகளின் ரகரம் மெலிந்து போவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அது பிழைத்துக் கொண்டது. நம்மிடமும் பிழைத்தது, நாம் புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர்களாயிற்றே!

பேட்டியில் உட்கார்ந்து குறை எழுதுகிற அதிகாரியும் அந்த ரகரத்தை முழுசாகச் சொல்லித்தான், “எந்தக் கார் கம்பெனியில் பயிற்சி எடுத்தாய், தம்பி?” என்று கேட்கிறார்.