கோப்பு அனுமதி

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இது அறிமுகமாக வாய்ப்பளித்தது, 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். விண்டோஸோடு, மத்திய அரசின் சீடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்சும் அந்தக் கணினிகளில் இருந்தது. கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று கம்பம் பள்ளத்தாக்கு நெடுகப் பிளஸ் டூ மாணவர்களின் வீடுகளுக்கு யூனிக்ஸின் பூட்டுச்சாவி இப்படித்தான் வந்தது.

1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய முதல் யூனிக்ஸ் கையேட்டில் ‘குழு’ கிடையாது. உடையவர், மற்றவர் என இரண்டே தரப்பு. குழு பிறகு சேர்ந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உடையவர், குழு, மற்றவர் என ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே கூட்டினால் 644, 755 போன்ற எண்கள். சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற, ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனர் மட்டுமே எழுதக்கூடிய கோப்பில் கைவைக்க வேண்டுமே? அதற்கு ரிச்சி கண்ட வழி, நிரலை அதன் உடையவரின் உரிமையோடு ஓடவிடும் ‘செட்யுஐடி’. 1979-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

எல்லோரும் தடுமாறும் இடம் அழித்தல். ஆய்வகத்தில் எல்லோரும் எழுதக்கூடிய ஓர் அடைவு இருக்கிறது. அதில் ஆசிரியர் மதிப்பெண் கோப்பை வைத்து, 444 என்று பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறார். மாணவர் ஒருவர் ‘ஆர்எம்’ கட்டளை கொடுக்கிறார். எழுத்துத் தடை உள்ள கோப்பு, நீக்கவா என்று கணினி ஒருமுறை கேட்கும். ‘ஒய்’ தட்டினால் கோப்பு காலி. காரணம், பெயர் இருப்பது அடைவில். நீக்குவது அடைவைத் திருத்துவது. ரேஷன் கார்டில் பேர் அடிக்க ஆளைத் தொட வேண்டியதில்லை அல்லவா? ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் இருந்தால், கடைசிப் பெயரும் போன பிறகுதான் உள்ளடக்கம் போகும்.

இதற்கு மருந்து ‘ஸ்டிக்கி பிட்’. நிரலை நினைவகத்தின் மாற்றிடத்தில் தக்கவைக்க 1970-களில் பிறந்த இதை, 1986-ல் 4.3 பிஎஸ்டி அடைவுகளுக்குத் திருப்பிவிட்டது. ஸ்டிக்கி பிட்டோடு 1777 என்று அமைத்த அடைவில் கோப்பின் உடையவர், அடைவின் உடையவர், ரூட் மூவரைத் தவிர யாரும் எதையும் நீக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான ‘டெம்ப்’ அடைவு இன்றும் இப்படித்தான் இருக்கிறது.

அதையும் தாண்டியது லினக்சின் ‘சிஎச்ஆட்டர்’ கட்டளை இடும் மாறாக் குறி. காவலுக்குப் பேர்போன கோம்பை நாய்கூட வீட்டுக்காரரைக் கண்டால் வழிவிடும். இந்தக் குறி ரூட்டையே வாசலில் நிறுத்தும். ரூட்டே முதலில் குறியைக் கழற்றினால்தான் கோப்பை அழிக்கலாம்.

ஆனால் அனுமதியைப் பார்ப்பது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் கருவான கெர்னல். அதே மடிக்கணினியில் விண்டோஸ் பக்கம் போய் லினக்ஸ் இருக்கும் வட்டுப் பிரிவை யாராவது ஃபார்மட் செய்தால் இந்தப் பூட்டுகளில் ஒன்றும் நிற்காது. பென்டிரைவில் இருக்கும் பிரதிதான் மிஞ்சும்.